பிரஷர் பம்ப் ஓடியும் ஷவரில் தண்ணீர் மெலிசாகத்தான் வருகிறது: எங்கே பார்ப்பது?

தூறல்

வணக்கம். அமைப்பைச் சொல்லிடறேன். மொட்டைமாடியில் 1000 லிட்டர் டேங்க். அவுட்லெட்டை ஒட்டியே 0.5 எச்பி பிரஷர் பம்ப், ஃப்ளோ ஸ்விட்ச் (தண்ணி ஓடினா பம்பை ஓட்டி, ஓட்டம் நின்னா நிறுத்தறது) பம்போட டெலிவரி வாயிலேயே, அதாவது தண்ணி வெளியேறுற பக்கத்திலேயே இருக்கு. பெயர்ப்பலகையில் அதிகபட்ச ஹெட், அதாவது பம்ப் தண்ணியைத் தள்ளி ஏத்தக்கூடிய உயரம், 20 மீட்டர். அங்கிருந்து 1 இஞ்ச் லைன் இறங்குது, குளியலறைக்குள்ள 1/2 இஞ்ச் சிபிவிசி பிளாஸ்டிக் பைப். ஷவர் பம்பைவிட சுமார் 3 மீட்டர் கீழே. சுவருக்குள்ள புதைச்ச டைவர்ட்டர் (சுடுதண்ணியையும் பச்சைத்தண்ணியையும் கலந்து ஷவருக்கு அனுப்பற மிக்ஸர்), 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர்.

பம்ப் போட்ட புதுசுல தண்ணி முதுகில் சுரீர்னு அடிச்சது. கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, இப்போ பம்ப் ஓடற சத்தம் கேட்குது, ஆனா தண்ணி தலையை நனைக்கவே நேரமாகுது. சுடுதண்ணி பக்கம் திருப்பினா இன்னும் மோசம். ஷவர் ஹெட்டை மாத்தறதா, பம்பை மாத்தறதா?

மாடிவீடு

பம்புக்கு வயசாயிருக்கும். 1 எச்பி போட்டுடுங்க, வேலை முடிஞ்சுது.

நீர்க்கணக்கு

எதையும் வாங்காதீர்கள், முதலில் அளந்து பார்ப்போம். ஒரு 10 லிட்டர் வாளி, கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச், இவ்வளவுதான் வேண்டும். வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று பார்த்து 600-ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 60 விநாடி என்றால் 10 லிட்டர், 120 விநாடி என்றால் 5.

ஷவர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் சிதறி அளவு தப்பும். ஷவர் ஹெட்டைச் சுற்றி ஒரு பெரிய பாலித்தீன் பையை ரப்பர் பேண்டால் கட்டி, பையின் அடி மூலையைக் கத்தரித்து வாளிக்குள் விடுங்கள். ஒரு சொட்டும் வீணாகாது.

நாலு அளவு வேண்டும். எல்லாவற்றிலும் வேறு எந்தக் குழாயும் திறந்திருக்கக் கூடாது.

1. பம்ப் ஓடும்போது, பச்சைத்தண்ணீர் மட்டும், ஷவர் ஹெட்டோடு.
2. அதே நிலை, ஷவர் ஹெட்டைக் கழற்றிவிட்டு.
3. பம்ப் ஓடும்போது, சுடுதண்ணீர் மட்டும். கீசர் ஸ்விட்சை அணைத்து, உள்ளே இருக்கும் தண்ணீர் ஆறிய பிறகு அளக்கவும்.
4. பம்பின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பச்சைத்தண்ணீர் மட்டும், ஷவர் ஹெட்டோடு.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஷவர் ஹெட்டில் அடைப்பு. ஒன்று நன்றாகவும் மூன்று மோசமாகவும் இருந்தால் கீசர் வழியிலோ மிக்ஸரின் சூடு பக்கத்திலோ கோளாறு. ஒன்றும் நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பம்ப் சத்தம் போடுகிறதே தவிர தண்ணீருக்கு அழுத்தம் சேர்க்கவில்லை.

மாடிவீடு, 1 எச்பி விஷயம்: ஒரே குழாய், ஒரே ஷவர் என்றால் வரும் தண்ணீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினாலும் தண்ணீர் சுமார் 40 சதவீதம்தான் அதிகமாகும். ஆனால் அந்த இரட்டிப்பு அழுத்தம் முழுக்க கீசர் மீதும், ஒவ்வொரு ஹோஸ் மீதும், புதைத்த ஒவ்வொரு ஜாயின்ட் மீதும் உட்காரும். அடைப்போ கசிவோ வேறு இடத்தில் இருந்தால் அந்த 40 சதவீதமும் கிடைக்காது.

பித்தளை

அளக்கும்போது ஷவர் ஹெட்டை எப்படியும் கழற்றப் போறீங்க, அப்பவே சுத்தம் பண்ணிடுங்க. ஸ்பேனரை நேரா குரோம் மேல வைக்காதீங்க, துணி சுத்தி வைங்க. கழற்றினதும் புரிக்கு உள்ளே பாருங்க: ஒரு ரப்பர் வாஷர், அதோட சேர்ந்தோ தனியாவோ ஒரு வலை, அதுக்கும் உள்ளே பிளாஸ்டிக் வில்லை ஒன்னு இருக்கலாம். அந்த வில்லை தண்ணியைக் கட்டுப்படுத்தறதுக்காகவே வைக்கிறது. வலையில் மணலும் டெஃப்லான் டேப் துணுக்கும் மாட்டியிருக்கும், எடுத்துடுங்க. வில்லையை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதோட அளந்து பாருங்க. பம்ப் சரியா வேலை செய்யும்போது அந்த வில்லை இருந்தாலே குளியலுக்குப் போதும். எடுத்துட்டா தண்ணியும் கீசர் சூடும் வேகமாத் தீரும்.

உப்புப் படிவத்துக்கு சிட்ரிக் ஆசிட், 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 50 கிராம். அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஊறினா போதும், ராத்திரி முழுக்க விடாதீங்க, பூச்சு மங்கும். துளைகள் சிலிகான் முனையா இருந்தா ஊறின பிறகு கட்டைவிரலால் ஒவ்வொன்னா நிமிண்டினாலே படிவம் உதிர்ந்துடும். உலோகத் துளைன்னா மெல்லிய ஊசி. கழிப்பறை சுத்தம் பண்ற ஆசிட் மட்டும் கிட்டவே கொண்டு வராதீங்க, குரோமையும் பித்தளையையும் அரிச்சுடும். எந்த அமிலத்தையும் பிளீச்சோட சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மூடின குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

தூறல்

அளந்துட்டேன், நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில்:

பச்சைத்தண்ணி, ஹெட்டோட: 4.8
ஹெட் இல்லாம: 5.2
சுடுதண்ணி மட்டும்: 3.1
பம்ப் நிறுத்திட்டு, பச்சைத்தண்ணி: 4.0

ஹெட்டில் கொஞ்சம் உப்பு இருந்தது, ஊற வெச்சுக் கழுவியாச்சு. பெரிய வித்தியாசம் இல்ல. பிளாஸ்டிக் வில்லை எதுவும் இல்ல.

நீர்க்கணக்கு

இந்த நாலு எண்ணும் நிறையச் சொல்கின்றன. ஷவர் ஹெட் குற்றவாளி இல்லை, 4.8-க்கும் 5.2-க்கும் நடுவே பெரிய இடைவெளி கிடையாது. சுடுதண்ணீர்ப் பக்கம் தனியாக ஒரு கோளாறு இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம். முக்கியமானது கடைசி எண். பம்ப் இல்லாமல் 4.0, பம்போடு 4.8. டேங்கின் உயரத்தால் ஷவருக்குக் கிடைப்பது சுமார் 0.35 பார் (10 மீட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார்). 4.0-ஐ 4.8 ஆக்க 0.15 பார் சேர்த்தால் போதும். 20 மீட்டர் ஹெட் பம்ப் 0.15 பார்தான் தருகிறது என்றால் கோளாறு மாடியில்.

அடுத்து ஒரு பிரஷர் கேஜ். 0 முதல் 4 பார் வரை காட்டும், 1/2 இஞ்ச் புரியுள்ள சாதாரண கேஜ் போதும். பம்புக்கு அடுத்து டீ (மூன்று வாயுள்ள பைப் இணைப்பு) இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லையென்றால் மாடியில் பம்புக்குப் பிறகு வரும் எந்தக் குழாய் முனையிலும் மாட்டலாம். ஷவர் ஓடும்போது என்ன காட்டுகிறது, ஷவரை மூடியதும் என்ன ஆகிறது, இரண்டும் வேண்டும்.

ஓடும்போது பம்ப் வாயில் அழுத்தம் அதிகமாக இருந்து ஷவரில் தண்ணீர் குறைவாக வந்தால், அடைப்பு பம்புக்கும் ஷவருக்கும் நடுவே. பம்ப் வாயிலேயே அழுத்தம் குறைவு என்றால் பம்பிலோ, பம்புக்கு வரும் வழியிலோ, பைபாஸிலோ (பம்பைச் சுற்றிப் போகும் மாற்று லைன்) பார்க்க வேண்டும். வேறு எதையும் விட இந்த ஒரு அளவுதான் தேடும் இடத்தைப் பாதியாகக் குறைக்கும்.

இரண்டு கேள்விகள். பம்பைச் சுற்றி பைபாஸ் லைன் போட்டிருக்கிறதா? எல்லாக் குழாயையும் மூடிய பிறகு பம்ப் உடனே நிற்கிறதா?

சுருள்கம்பி

கேஜ் வாங்கி வர்றதுக்குள்ள பம்ப் பக்கம் பார்க்க வேண்டியதைச் சொல்றேன். மெயின் ஸ்விட்சை அணைச்சு, பிளக்கையும் பிடுங்கிட்டுத்தான் தொடணும்.

முதல்ல சக்ஷன், அதாவது தண்ணி பம்புக்குள்ள வர்ற பக்கம். டேங்க் அவுட்லெட்டுக்கும் பம்புக்கும் நடுவில் ஒய்-ஸ்ட்ரெய்னர் (வலை வடிகட்டி) இருந்தா, வால்வை மூடி, மூடியைக் கழற்றி வலையை பிரஷ் போட்டுக் கழுவுங்க. ஸ்ட்ரெய்னரே இல்லைன்னா டேங்க் அடியில் சேர்ந்த வண்டல் நேரா இம்பெல்லருக்குத்தான் (பம்புக்குள்ள சுத்தி தண்ணியைத் தள்ளற சக்கரம்) போயிருக்கும். டேங்கில் தண்ணி அவுட்லெட் மட்டத்துக்குக் கிட்ட இறங்கும்போது பம்ப் ஓடினா சுழி விழுந்து காத்தை இழுக்கும், அப்போ ஷவர் துப்பித் துப்பி வரும். சக்ஷன் ஜாயின்ட் தளர்ந்திருந்தாலும் இதேதான். பம்ப் ஓடும்போது அங்கே தண்ணி வெளியே ஒழுகாம காத்து உள்ளே போகலாம், அப்போ கண்ணுக்குத் தெரியாது. பம்ப் தலையில் இருக்கிற ஏர் ஸ்க்ரூவை லேசா தளர்த்தி, குமிழி இல்லாம தண்ணி வர்ற வரைக்கும் விட்டு மூடுங்க.

அடுத்து கேட் வால்வ். சக்ஷனிலோ டெலிவரியிலோ பழைய கேட் வால்வ் இருந்தா நம்பாதீங்க. உள்ளே தகடு ஸ்பின்டிலை விட்டுக் கழண்டு பாதையில் விழுந்திருக்கும், கைப்பிடி மட்டும் முழுசாத் திறந்த மாதிரி சுத்தும். அதை எடுத்துட்டு ஃபுல் போர் பால் வால்வ் போடறது நல்லது.

மோட்டார் "ம்ம்ம்"னு முனகிட்டே மெதுவா சுத்துதுன்னா கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். மேல அச்சடிச்ச மைக்ரோஃபாரடை விட 10 சதவீதத்துக்கு மேல குறைவா மீட்டர் காட்டினா மாத்திடுங்க. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டோ அதுக்கு மேலேயோ. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் சார்ஜ் நிக்கும், ஒரு ரெசிஸ்டரை இரண்டு முனைக்கும் நடுவில் வெச்சு இறக்கிட்டுத்தான் கை வைக்கணும். மின்னழுத்தமும் பாருங்க. 230 வோல்ட் மோட்டாருக்கு 180 தான் வருதுன்னா முறுக்குவிசை 60 சதவீதத்துக்கு விழுந்துடும், ஏன்னா அது வோல்ட்டோட வர்க்கத்தைப் பொறுத்தது.

இதெல்லாம் சரியா இருந்தா கடைசியாத்தான் பம்ப் தலையைத் திறக்கணும். இம்பெல்லர் வழியில் டேப் துணுக்கு, பிளாஸ்டிக் சீவல் மாட்டியிருக்கும். மணல் ஓடின பம்புன்னா இதழ் முனை தேய்ஞ்சு உருண்டிருக்கும். திறந்தா ஓ-ரிங் (ரப்பர் வளையம்) புதுசு போட்டுத்தான் மூடணும்.

ஈரத்தரை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், தொடர்புள்ள கேள்விதான். எங்களிடம் ஃப்ளோ ஸ்விட்ச் இல்லை, பிரஷர் ஸ்விட்சும் சின்ன பிரஷர் டேங்கும் உள்ள பம்ப். ஷவரைத் திறந்தால் சில விநாடிக்கு ஒருமுறை பம்ப் நின்று நின்று ஓடுகிறது, தண்ணீரும் ஏறி இறங்குகிறது. இதுவும் அடைப்பா?

சுருள்கம்பி

அடைப்பு இல்ல, பிரஷர் டேங்கில் காத்து குறைஞ்சு போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஒரு குழாயைத் திறந்து லைனில் இருக்கிற அழுத்தத்தை முழுசா இறக்குங்க. டேங்க் மேல டயர் வால்வ் மாதிரி ஒன்னு இருக்கும், அதோட ஊசியை லேசா அழுத்துங்க. காத்து வந்தா டயர் கேஜ் வெச்சு அளங்க. பம்ப் ஆன் ஆகிற அழுத்தத்தைவிட 2 பிஎஸ்ஐ (டயர் காத்தை அளக்கிற அதே அளவு) குறைவா காத்து இருக்கணும். 20-ல் ஆன், 40-ல் ஆஃப்னா 18 பிஎஸ்ஐ. குறைவா இருந்தா சைக்கிள் பம்பாலேயே ஏத்தலாம். ஊசியை அழுத்தும்போது காத்துக்குப் பதிலா தண்ணி வந்தா உள்ளே ரப்பர் பை கிழிஞ்சுட்டுது, பையையோ டேங்கையோ மாத்தணும். அப்படியே ஓட விட்டா அடிக்கடி ஆன் ஆகி ஸ்விட்ச் பாயின்ட் தீயும், மோட்டார் சுருளும் சூடாகும்.

தூறல்

கேஜ் மாட்டியாச்சு. ஷவர் ஓடும்போது பம்ப் வாயில் 0.2 பார். ஷவரை மூடினா 0.3 காட்டுது.

மோட்டார் சத்தம் சீரா இருக்கு, முனகல் இல்ல. மின்னழுத்தம் 228. ஸ்ட்ரெய்னர் வலையில் கொஞ்சம் மணல் இருந்தது, கழுவியும் அதே 0.2 தான். கேட் வால்வ் எதுவும் இல்ல, எல்லாம் பால் வால்வ்.

பைபாஸ் இருக்கு. பம்புக்கு முன்னாடி டீ, பின்னாடி டீ, நடுவில் படுக்கை லைனில் ஒரு ஸ்விங் டைப் என்ஆர்வி (தண்ணியை ஒரு பக்கமா மட்டும் விடற நான்-ரிட்டர்ன் வால்வ்). பைபாஸில் வேற வால்வ் கிடையாது. கேட்டீங்களே, எல்லாத்தையும் மூடின பிறகும் பம்ப் நிக்கல. ஸ்விட்சை அணைச்சாத்தான் நிக்குது. ஃப்ளோ ஸ்விட்ச் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்.

நீர்க்கணக்கு

ஃப்ளோ ஸ்விட்ச் சரியாகவே வேலை செய்கிறது. உங்கள் ஃப்ளோ ஸ்விட்ச் பம்பின் வாயில், பைபாஸ் டீக்கு முன்னால் இருக்கிறது. எல்லாக் குழாயும் மூடியிருந்தும் அதன் வழியே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் அது பம்பை நிறுத்தவில்லை. கீழே போகாத தண்ணீர் வேறு எங்கே போகும்? பைபாஸ் வழியாகத் திரும்பி சக்ஷனுக்கு வந்து, மறுபடி பம்புக்குள் நுழைகிறது. பம்ப் தான் தள்ளிய தண்ணீரைத் தானே குடித்துக்கொண்டிருக்கிறது. 1 எச்பி போட்டிருந்தால் இந்தச் சுற்று இன்னும் வேகமாகச் சுற்றியிருக்கும், ஷவருக்கு வந்திருக்காது.

பைபாஸ் என்ஆர்வியின் வேலை இது: மின்சாரம் இல்லாதபோது டேங்க் தண்ணீர் பம்பைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். பம்ப் ஓடத் தொடங்கியதும் டெலிவரி அழுத்தம் அதன் மடலைத் தள்ளி மூட வேண்டும். மடலுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு மணல் பரலோ டேப் நூலோ மாட்டினால் மடல் முழுதாக உட்காராது. 1 இஞ்ச் வால்வில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே இவ்வளவு சிறிய பம்பின் அழுத்தம் சரிந்துவிடும்.

உறுதிசெய்ய இரண்டு சோதனை. பம்ப் ஓடும்போது, கீழே எல்லாம் மூடியிருக்க, பைபாஸ் பைப்பைக் கையால் பிடியுங்கள். உள்ளே தண்ணீர் சீறிப் போகும் அதிர்வு தெரியும். சிறிது நேரம் ஓடினால் பம்ப் தலையும் பைபாஸும் வெதுவெதுப்பாகும், ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால். அப்படியே நீண்ட நேரம் விடாதீர்கள், சீல் கெடும்.

இரண்டாவது சோதனை தீர்ப்பே சொல்லிவிடும். பம்ப் மின்சாரத்தை நிறுத்தி, டேங்க் வால்வை மூடி, கீழே ஒரு குழாயைத் திறந்து லைனைக் காலியாக்குங்கள். என்ஆர்வியை யூனியனில் (பைப்பை வெட்டாமல் கழற்றக்கூடிய இணைப்பு) கழற்றி, திறந்த இரு முனைகளையும் எண்ட் கேப் போட்டு இறுக்குங்கள். டேங்க் வால்வைத் திறந்து, ஏர் ஸ்க்ரூவில் காற்றை எடுத்துவிட்டு பம்பை ஓட்டுங்கள். கேஜ் 1.5 பாருக்கு மேல் போனால் பம்ப் நலம், என்ஆர்விதான் கோளாறு. அப்போதும் 0.2 என்றால் சுருள்கம்பி சொன்னபடி இம்பெல்லரைத் திறக்க வேண்டியதுதான்.

கழற்றிய என்ஆர்வியை அம்புக்குறிக்கு எதிர்ப் பக்கமாக வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போகவே கூடாது.

மாடிவீடு

இவ்வளவு தொல்லைன்னா பைபாஸே இல்லாம விட்டுடலாமே? தண்ணி பம்ப் வழியாவே இறங்காதா?

நீர்க்கணக்கு

இறங்கும். நிற்கும் சென்ட்ரிஃபியூகல் பம்பின் இம்பெல்லர் வழியே தண்ணீர் போகும், ஆனால் அந்த ஒடுங்கிய பாதையில் ஹெட் நிறைய வீணாகும். டேங்குக்கும் ஷவருக்கும் 3 மீட்டர்தான் உயரம் என்றால் அந்த இழப்பு நன்றாகவே தெரியும். பம்பைக் கழற்றிச் சீர்செய்யும் நாளில் பைபாஸ் இல்லாமல் வீடு முழுக்கத் தண்ணீர் நின்றுபோகும். அதனால் பைபாஸ் இருக்கட்டும், என்ஆர்வியோடு வரிசையில் ஒரு பால் வால்வும் இருக்கட்டும். சந்தேகம் வரும்போது அந்த ஒரு கைப்பிடியைத் திருப்பினாலே சோதனை முடிந்துவிடும், எதையும் கழற்ற வேண்டாம்.

தூறல்

எண்ட் கேப் போட்டு ஓட்டினேன். ஷவர் ஓடும்போது 1.6 பார். மூடினதும் 2-ஐத் தொட்டு பம்ப் தானா நின்னுட்டுது.

என்ஆர்வி மடலுக்குக் கீழே டெஃப்லான் டேப் சுருண்டு நூல் மாதிரி கிடந்தது, அதில் மணல் ஒட்டிப் பசை மாதிரி ஆகியிருந்தது. ரப்பர் இருக்கையில் ஒரு பள்ளமும் விழுந்திருக்கு. இப்போ பச்சைத்தண்ணி 9.3 லிட்டர். சுடுதண்ணி மட்டும் 5.4. அளவு ஏறியிருக்கு, ஆனா பாதிதான். இரண்டையும் கலந்தா பச்சைத்தண்ணியே அதிகமா வந்து சூடு குறையுது.

பித்தளை

இனி கீழே. இரண்டு பக்கமும் ஒரே பம்பிலிருந்துதானே வருது, அப்போ வித்தியாசம் கீசர் வழியில்தான். பம்ப் பச்சைத்தண்ணி லைனுக்கு மட்டும்னா நிலைமை வேற: பச்சைத்தண்ணி அழுத்தம் சூடு பக்கத்து என்ஆர்வியையே தள்ளி மூடிடும், அதுக்கு பைப் இணைப்பையே மாத்தணும். உங்களுக்கு அது இல்ல.

கீசர் ஸ்விட்சை அணைச்சு, தண்ணி ஆறின பிறகு இந்த வரிசையில் பாருங்க.

கீசருக்குப் போற ஆங்கிள் வால்வ் முழுசாத் திறந்திருக்கா? பாதி மூடினபடி விட்டிருப்பாங்க, இது அடிக்கடி நடக்கறது. அடுத்து அந்த வால்விலிருந்து கீசருக்குப் போற ஹோஸ். வெளியே ஸ்டீல் பின்னல் பளபளன்னு இருக்கும், உள்ளே ரப்பர் குழாய் முறுக்கியோ பிரிஞ்சு மடங்கியோ கிடக்கும். வளைவில் பின்னல் நெருங்கி நசுங்கின மாதிரி தெரிஞ்சா மாத்திடுங்க. கீசர் அவுட்லெட் ஹோஸையும் பாருங்க, சூட்டில் அதுதான் முதல்ல கெடும்.

மூணாவது, கீசர் இன்லெட்டில் இருக்கிற சேஃப்டி வால்வ். பெரும்பாலும் அதுக்குள்ளேயே ஒரு என்ஆர்வி இருக்கும். உப்புத்தண்ணியில் அதோட ஸ்பிரிங்கும் தட்டும் படிவம் பிடிச்சு முழுசாத் திறக்காது. ஆங்கிள் வால்வை மூடி, அதுக்குப் பிறகு கீசர் தண்ணியை வடிச்சுட்டுக் கழற்றணும், 15 லிட்டரும் கொட்டும், வாளி தயாரா இருக்கட்டும். படிவம் கெட்டியா இருந்தா சுரண்டாதீங்க, புதுசு போடுங்க, அதே அழுத்த அளவுள்ளது. அதை எடுத்துட்டு வெறும் நிப்பிள் போடறது, ஒழுகுதேன்னு அதோட வடிகால் வாயை அடைக்கறது, இரண்டுமே வெடிகுண்டை மாட்டி வைக்கிற வேலை. திரும்ப மாட்டின பிறகு சூடு பக்கக் குழாயில் காத்து இல்லாம தண்ணி வர்ற வரைக்கும் கீசர் ஸ்விட்சைப் போடக் கூடாது. காலி டேங்கில் எலிமென்ட் எரிஞ்சுடும்.

நாலாவது டைவர்ட்டர். மூடித் தகட்டை எடுத்தா காட்ரிட்ஜ் (தண்ணியைத் திறந்து மூடற உள்பாகம்) தெரியும், சில மாடலில் இரண்டு பக்கமும் அடைப்பு ஸ்க்ரூ இருக்கும், அதுக்குப் பின்னாடி சின்ன வலையும் என்ஆர்வியும். கீசரிலிருந்து உதிர்ற சுண்ணாம்புச் செதில் வந்து தங்கறது அந்தச் சூடு பக்க வலையில்தான். மாடித் தண்ணியை நிறுத்திட்டு, வலையை எடுத்து சிட்ரிக் ஆசிட்டில் ஊற வைங்க. வலை இல்லாம ஒரு வாளியைப் பிடிச்சு அந்தப் பக்கம் சில விநாடி தண்ணியைத் திறந்து விடுங்க, லைனில் மிச்சம் இருக்கிற செதில் வெளியே வந்துடும். காட்ரிட்ஜைக் கழற்றினா அது உட்கார்ந்திருந்த நிலையை ஒரு போட்டோ எடுத்து வைங்க, திருப்பி வெச்சா சூடும் குளிர்ச்சியும் பக்கம் மாறிடும். ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும், வேற எண்ணெய் பட்டா ரப்பர் உப்பிடும்.

இன்னொன்னு. பம்ப் 2 பார் வரைக்கும் போகுது இல்லையா, கீசர் பெயர்ப்பலகையில் எழுதின அழுத்தம் அதைவிட நல்லா அதிகமா இருக்கான்னு பாருங்க. வாய் எப்பவும் திறந்தே இருக்கிற வகைக் கீசருக்கு பம்ப் அழுத்தம் கொடுக்கவே கூடாது.

ஈரத்தரை

9 லிட்டர் வந்தால் 200 மில்லிமீட்டர் மழை ஷவர் மாட்டலாமா? அதற்குப் பெரிய பம்ப் வேண்டுமா?

நீர்க்கணக்கு

அந்த அளவுத் தலைகள் பலவற்றுக்கு 12 லிட்டருக்கு மேல் வந்தால்தான் எல்லாத் துளையிலும் தண்ணீர் சீராக விழும். 9 லிட்டரில் ஓரத் துளைகள் சொட்டலாம். பம்பைப் பெரிதாக்குவதற்கு முன் பைப்பைப் பாருங்கள். 1/2 இஞ்ச் சிபிவிசியின் உள்விட்டம் சுமார் 12.4 மில்லிமீட்டர்தான். அதில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 10 மீட்டர் நீளத்தில் கிட்டத்தட்ட 2 மீட்டர் ஹெட் உராய்வில் போகும். 3/4 இஞ்ச் பைப்பில், உள்விட்டம் சுமார் 18 மில்லிமீட்டர், அதே இழப்பு 0.3 மீட்டர்தான். விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கு இது, அதனால் கொஞ்சம் பெரிதாக்கினாலே நிறைய மிச்சமாகும். ஒவ்வொரு எல்போவும் இதற்கு மேல் தனிக்கணக்கு. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் என்றால் ஷவர் வரைக்கும் 3/4 போட்டு, கடைசி ஒரு துண்டில் மட்டும் 1/2-க்கு இறக்குங்கள்.

ஷவர் டேங்க் தண்ணீர் மட்டத்துக்கு மிக நெருங்கியோ அதற்கு மேலோ இருந்தால் சாதாரண ஃப்ளோ ஸ்விட்ச் பம்ப் தொடங்கவே தொடங்காது. அந்த ஸ்விட்சைத் தூண்ட முதலில் தானாகக் கொஞ்சம் தண்ணீர் ஓட வேண்டும், பல மாடல்களுக்கு நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர். அந்த இடத்துக்குப் பிரஷர் ஸ்விட்ச் உள்ள பம்ப்தான் சரி.

தூறல்

ஆங்கிள் வால்வ் திறந்துதான் இருந்தது, ஹோஸ் இரண்டும் நல்லா இருக்கு. சேஃப்டி வால்வ் தட்டில் வெள்ளைப் படிவம், புதுசு போட்டாச்சு, 6.9 ஆனது. டைவர்ட்டர் சூடு பக்க வலையில் பாதிக்கு மேல சுண்ணாம்புச் செதில். கழுவி மாட்டின பிறகு சுடுதண்ணி மட்டும் 8.8, பச்சைத்தண்ணி 9.3. கலந்தாலும் சூடு நிலையா நிக்குது. கீசர் பலகையில் 8 பார்னு போட்டிருக்கு.

பைபாஸுக்குப் புது என்ஆர்வி வாங்கணும். ஸ்விங் டைப்பா, ஸ்பிரிங் டைப்பா?

நீர்க்கணக்கு

உங்கள் பைபாஸ் படுக்கையில் இருப்பதால் இரண்டும் பொருந்தும். ஸ்விங் டைப் தண்ணீரைத் தாராளமாக விடும், அதன் உடலில் கழற்றும் மூடி உள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும். தண்ணீர் கீழ்நோக்கி இறங்கும் செங்குத்து பைப்பில் அதைப் போடக் கூடாது, மடல் தொங்கித் திறந்தே கிடக்கும். ஸ்பிரிங் டைப் எந்தக் கோணத்திலும் மூடும், ஆனால் திறக்கச் சிறிது அழுத்தத்தைத் தின்னும், மின்சாரம் இல்லாத நேரத்தில் ஷவர் இன்னும் கொஞ்சம் மெலியும். உங்களுக்கு நான் ஸ்விங் டைப்பே சொல்வேன், அதற்கு முன்னால் டேங்க் பக்கம் ஒரு பால் வால்வோடு. அம்புக்குறி டேங்கிலிருந்து ஷவர் பக்கம் காட்ட வேண்டும். இரு பக்கமும் யூனியன் வையுங்கள்.

பித்தளை

டேப் சுத்தும்போது ஆண் புரியின் முதல் ஒரு வரியை வெறுமனே விட்டுட்டு, அடுத்ததிலிருந்து புரி இறுகும் திசையிலேயே சுத்துங்க. முனையைத் தாண்டி நீட்டிட்டு இருக்கிற டேப்தான் இறுக்கும்போது அறுந்து உள்ளே போய் அந்த மடலுக்குக் கீழே உட்காரும். மாட்டின பிறகு ஷவர் ஹெட்டைக் கழற்றி வெச்சுட்டு இரண்டு நிமிஷம் தண்ணியைத் திறந்து விடுங்க, அப்புறம் ஸ்ட்ரெய்னரை ஒரு தடவை திறந்து பார்த்துட்டு மூடுங்க.